நான்கு சான்றிதழ், ஒரு தோல்வி: வாங்கியதில் எது உதவியது, எது தூங்குகிறது

யூடெமி என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் என் கணக்கில் பதினோரு வீடியோ கோர்ஸ் கிடக்கின்றன. முழுசாக முடித்தவை மூன்று. மூவாயிரம் ரூபாய் என்று விலை போட்டிருக்கும், நாலு நாள் பொறுத்தால் ஐந்நூறுக்குள் வந்துவிடும், அந்த இறக்கத்தைப் பார்த்ததும் கை தானாக வாங்கிவிடும். வாங்கிய அன்று பாதி படித்து முடித்த மாதிரி ஒரு திருப்தி வேறு. 2022இலிருந்து 2025க்குள் சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வு), ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் (அமேசான் கிளவுட்), ஏஇசட்-104 (மைக்ரோசாஃப்ட் கிளவுட்), சிகேஏ (குபர்நெட்டிஸ்) என்று நான்கு சான்றிதழ்த் தேர்வு எழுதி முடித்தாயிற்று. இடையில் ஒரு தோல்வி. புதிதாக எழுதப் போகிறவர்கள் எந்த கோர்ஸ் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்கென்னவோ வீடியோ கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்று தோன்றுகிறது. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன். டிப்ளமோ முடித்து, கோவை சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் சப்போர்ட்டில் சேர்ந்தேன். சிசிஎன்ஏ இருந்தால் அடுத்த நிலைக்குப் போகலாம் என்றார்கள். ஒரு பயிற்சி நிலையத்தில் பதினெட்டாயிரம் கட்டிச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், அது இப்போது இருக்கிறதா என்றும் தெரியாது. சார் நன்றாகத்தான் நடத்தினார். ரவுட்டர்கள் வழி கண்டுபிடிக்கும் முறைகளில் ஆர்ஐபி ஒரு வாரம், ஈஐஜிஆர்பி இரண்டு வாரம், போர்டு நிறைய படம். நானும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டேன். கடைசி வாரம் ஒரு பென்டிரைவில் நானூறு பக்க பிடிஎஃப் ஒன்றைக் கொடுத்து, "தம்பி, இதை மனப்பாடம் பண்ணிட்டுப் போங்க, இதுக்கு வெளியே வராது" என்றார்கள். டம்ப்ஸ், அதாவது நிஜத் தேர்விலிருந்து கசிந்ததாகச் சொல்லும் கேள்வி-விடைத் தொகுப்பு. அன்றைக்கு எனக்கு அது தப்பு என்றுகூடத் தோன்றவில்லை, வருகிற எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

சிசிஎன்ஏவின் 200-301 என்ற தேர்வு 2020 பிப்ரவரி 24ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதில் ஈஐஜிஆர்பியும் கிடையாது, ஆர்ஐபியும் கிடையாது. அதே வகையில் ஓஎஸ்பிஎஃப் மட்டும், அதுவும் ஒரே ஏரியா. ஆட்டோமேஷன் என்று புதிதாகப் பத்து சதவீதம் சேர்த்திருந்தார்கள்: ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் ரெஸ்ட் ஏபிஐ என்றால் என்ன என்று தெரிய வேண்டும். எங்கள் சார் அந்தப் பக்கமே போகவில்லை. நான் உட்கார்ந்தது 2022 தொடக்கத்தில், அதாவது பாடத்திட்டம் மாறி இரண்டு வருடம் கழித்துப் பழைய பாடத்தைப் படித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

கட்டணம் 300 டாலர், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அன்றைய கணக்கில் இருபத்தேழாயிரத்தை ஒட்டி வந்தது. என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். சிஸ்கோ தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது என்பதும் உள்ளே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. முதல் இருபது கேள்விகளில் டம்ப்ஸில் பார்த்த மாதிரியே இரண்டு மூன்று வந்தன, குஷியாக விடையைத் தட்டினேன். அந்த விடைகளும் சரிதானா என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம் உண்டு, ஏனென்றால் பிற்பாடு உட்கார்ந்து சரிபார்த்தபோது அந்த பிடிஎஃபில் விடையே தப்பாகக் கொடுத்திருந்த கேள்விகள் நிறைய இருந்தன. மிச்சமெல்லாம் புதுசு. தோல்வி. பகுதி வாரியாகச் சதவீதம் போட்டு ஒரு தாள் தந்தார்கள், ஆட்டோமேஷனுக்கு நேரே இருந்த எண்ணை நான் வீட்டில் யாரிடமும் காட்டவில்லை.

டம்ப்ஸ் பற்றி இதற்கு மேல் நீட்டவில்லை. தேர்வுக்கு முன்னால் நாம் ஒப்புக்கொள்கிற, கேள்விகளை ரகசியமாக வைக்கும் ஒப்பந்தத்துக்கு எதிரானது, தெரிந்தால் சான்றிதழையே ரத்து செய்யலாம். அதையெல்லாம் விட்டாலும், இன்டர்வியூவில் /27 அளவு நெட்வொர்க்கில் எத்தனை ஹோஸ்ட், அதாவது எத்தனை கருவி இணையலாம் என்று கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும். நான் முழித்திருக்கிறேன்.

சிசிஎன்ஏ போன்ற அசோசியேட் தேர்வில் தோற்றால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம். பணம்தான் முழுசாக மறுபடி கட்ட வேண்டும். எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. இந்த முறை முதல் வேலையாக சிஸ்கோ தளத்திலிருந்து எக்ஸாம் டாபிக்ஸ் என்ற பாடத்திட்ட பிடிஎஃபை இறக்கி, அச்செடுத்து, பீரோ கதவில் ஒட்டினேன். இலவசம், சில பக்கங்கள், அவ்வளவுதான். ஐபி கனெக்டிவிட்டி 25 சதவீதம், ஃபண்டமென்டல்ஸும் நெட்வொர்க் ஆக்சஸும் தலா 20, செக்யூரிட்டி 15, மீதி இரண்டும் பத்துப் பத்து. இதைப் பார்த்த பிறகுதான் எதற்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்றே தெரிந்தது. அதில் உள்ள வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். 'டிஸ்கிரைப்' என்று போட்டிருந்தால் கருத்து புரிந்தால் போதும், 'கான்ஃபிகர் அண்ட் வெரிஃபை' என்று இருந்தால் கை வைத்துச் செய்யத் தெரிய வேண்டும்.

அதற்கப்புறம் யூடியூபில் ஜெரமி'ஸ் ஐடி லேப். நாள் 1, நாள் 2 என்று எண் போட்டு, பாடம் ஒன்று, கூடவே பாக்கெட் டிரேசர் (கணினியிலேயே ரவுட்டர், சுவிட்ச் வைத்துப் பழகும் மென்பொருள்) லேப் ஒன்று, நினைவில் நிறுத்த ஆன்கி செயலி அட்டைகளும் உண்டு. எல்லாம் காசில்லாமல். பதினெட்டாயிரம் கட்டியவனுக்கு இதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. பாக்கெட் டிரேசரும் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் இலவசம். நிஜ ரவுட்டரில் வேலை செய்யும் சில கட்டளைகளை அது ஏற்காதுதான், ஆனால் சிசிஎன்ஏ அளவுக்குத் தாராளமாகப் போதும். செகண்ட் ஹேண்டில் பழைய சுவிட்ச் ஒன்றை நாலாயிரத்துக்கு வாங்கினேன், அதன் விசிறிச் சத்தத்துக்கு அம்மா இரண்டே நாளில் அதைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அது இல்லாததால் படிப்புக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

சப்நெட்டிங்குக்கு, அதாவது நெட்வொர்க்கைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கணக்குக்கு, எந்த வீடியோவும் உதவவில்லை என்பேன். தினம் பத்து நிமிடம், பேப்பரில் பத்துக் கணக்கு. 192.168.10.130/27 என்றால் 32 32ஆகத் தாண்டு, 128 நெட்வொர்க், 159 பிராட்காஸ்ட், நடுவில் முப்பது ஹோஸ்ட். மூன்று வாரத்தில் வாய்ப்பாடு மாதிரி வந்துவிட்டது. வாய்ப்பாடு வீடியோ பார்த்து யாருக்கு வந்தது?

சரி, பாஸ் ஆயிற்று. 2023இல் ஏடபிள்யூஎஸ்ஸுக்கு இறங்கினேன், தேர்வின் குறியீடு எஸ்ஏஏ-சி03. இங்கேதான் என் நிஜமான பிரச்சினை எது என்று தெரிந்தது. காந்திபுரத்திலிருந்து சரவணம்பட்டி போகும் பஸ்ஸில் ஒன்றரை மடங்கு வேகத்தில் இரண்டு மாதம் கோர்ஸ் பார்த்தேன். எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. மாதிரித் தேர்வு எழுதினால் 52 சதவீதம். ஆயிரத்துக்கு 720 வாங்க வேண்டிய இடத்தில் இது எங்கே போய் நிற்கும்.

டுடோரியல்ஸ் டோஜோவின் மாதிரித் தேர்வுகளை வாங்கியிருந்தேன். அதில் எனக்குப் பிடித்தது, சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்றும் எழுதியிருப்பார்கள். ஒரு 40 பக்க நோட்டு எடுத்தேன். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே வரி, தமிழில்: எது சரி, நான் ஏன் மற்றதைத் தட்டினேன். உதாரணமாக, ரிப்போர்ட் எடுக்கும்போது டேட்டாபேஸ் மெதுவாகிறது, என்ன செய்யலாம் என்று கேள்வி. ஆர்டிஎஸ் (ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவை) மல்டி-ஏஇசட் என்று போட்டேன். விடை ரீட் ரெப்ளிகா, படிப்பதற்கென்றே ஒரு நகல். ஒரே ஸ்டாண்ட்பை உள்ள மல்டி-ஏஇசட்டில் அந்த ஸ்டாண்ட்பை சும்மா காத்திருக்கும், அதிலிருந்து படிக்க முடியாது, முதன்மை டேட்டாபேஸ் விழுந்தால் எழுவதற்குத்தான். இது எனக்குத் தெரியாததால் வந்த தப்பு. ஆனால் நூற்று நாற்பது தப்பு சேர்ந்த பிறகு நோட்டைப் புரட்டிப் பார்த்தால், ஏறக்குறைய பாதிக்கு நான் எழுதியிருந்தது "கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை" என்பதுதான்.

ஐந்து வரி ஆங்கிலம், நான்கு விடைகளும் இரண்டு இரண்டு வரி. கடைசியில் 'லீஸ்ட் ஆபரேஷனல் ஓவர்ஹெட்' என்று ஒரு வால் இருக்கும், அதுதான் கேள்வியே. தினம் ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் ஓட வேண்டும் என்றால் இசி2 என்ற வாடகை சர்வரில் கிரான் போட்டு நேரம் குறித்தாலும் வேலை நடக்கும், நாம் சர்வரைப் பார்த்துக்கொள்ள வேண்டாத ஈவென்ட்பிரிட்ஜும் லாம்ப்டாவும் வைத்தாலும் நடக்கும். பராமரிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்டால் இரண்டாவது. அந்த வாலைத் தவறவிட்டால் எவ்வளவு தெரிந்திருந்தும் வீண். 65 கேள்விக்கு 130 நிமிடம், கேள்விக்கு இரண்டு நிமிடம், அதில் எனக்கு ஒன்றேகால் நிமிடம் படிக்கவே போய்விடும். அப்புறம்தான் கடைசி வரியை முதலில் படித்து, பிறகு மேலே போகிற பழக்கத்தைக் கொண்டுவந்தேன். எந்த வீடியோவும் இதைச் சரி செய்திருக்காது, மாதிரித் தேர்வுதான் செய்தது. எனக்கு அது பாதி ஆங்கில வகுப்பு.

இன்னொன்று, இது நம்மாட்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு ஏடபிள்யூஎஸ் தேர்வில் முப்பது நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள், 'இஎஸ்எல் +30' என்று பெயர். சான்றிதழ் கணக்கில் விண்ணப்பித்தால் கிடைத்துவிடும். ஆனால் தேர்வுத் தேதி போடுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும், போட்ட பிறகு கேட்டால் அந்தத் தேர்வுக்குச் சேராது. 130 நிமிடம் 160 ஆயிற்று. ஆர்க்கிடெக்ட் கோர்ஸுக்கு நான் கொடுத்த ஐந்நூறு ரூபாயைவிட இந்த முப்பது நிமிடம்தான் எனக்கு அதிகம் உதவியது என்றால் மிகையில்லை. அந்தத் தேர்வு பாஸானால் அடுத்ததற்குப் பாதி விலைக் கூப்பன் தருவார்கள், நான் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டேன், அதை நினைத்தால் இன்றும் கடுப்பு.

லேப் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏடபிள்யூஎஸ்ஸில் நாட் கேட்வே (உள் நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்கு வழி விடுவது) ஒன்றை உருவாக்கிப் பார்த்துவிட்டு அழிக்க மறந்துபோனேன். அவர்களுடைய வட வர்ஜீனியா பகுதியில் மணிக்கு நாலரை சென்ட்தானே என்று தோன்றும். இருபது நாள் ஓடிற்று, வரியோடு இரண்டாயிரம் ரூபாய் தாண்டியது. முழுக்க என் அஜாக்கிரதை. கணக்கு தொடங்கிய உடனே பட்ஜெட் அலர்ட் வைத்துவிட்டு மறுவேலை பார்க்கவும்.

ஏஇசட்-104 பற்றிச் சொல்ல அதிகமில்லை. மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் பாடமும் இலவசம், பிராக்டிஸ் அசெஸ்மென்டும் இலவசம், நான் வேறு எதுவும் வாங்கவில்லை. தேர்வுக்கு நடுவிலேயே அந்தத் தளத்தைத் திறந்து பார்க்கலாம், 2023இலிருந்து இந்த வசதி உண்டு, ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முன்பே பழகியவனுக்குத்தான் பிரயோஜனம், நான் இரண்டு முறை திறந்து ஒருமுறை வெறுங்கையோடு திரும்பினேன். சான்றிதழ் ஒரு வருடம்தான், ஆனால் புதுப்பிப்பது இலவசம், வீட்டிலிருந்தே.

சிகேஏ வேறு ஜாதி. விடை தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது, இரண்டு மணி நேரம் டெர்மினலில் வேலை செய்து காட்ட வேண்டும், 66 சதவீதம் எடுத்தால் பாஸ். கோட்கிளவுட் என்ற தளத்தின் லேப்கள் இதற்கு நன்றாகப் பொருந்தின, பிரவுசரிலேயே கிளஸ்டர் திறக்கும், செய்தது சரியா என்று அதுவே பார்த்துச் சொல்லும். தேர்வுக்குப் பணம் கட்டினாலே கில்லர்.எஸ்ஹெச் மாதிரித் தேர்வு இரண்டு முறை சேர்ந்து வருகிறது, நிஜத் தேர்வைவிடக் கஷ்டமாக இருந்தது, முதல்முறை பார்த்துவிட்டுத் தேதியைத் தள்ளிப்போட்டேன். 2025 பிப்ரவரியில் பாடத்திட்டம் மாறி ஹெல்ம், கஸ்டமைஸ், கேட்வே ஏபிஐ என்ற குபர்நெட்டிஸ் விஷயங்களெல்லாம் உள்ளே வந்தன. இரண்டு வருடம் முன்பு நான் ஆஃபரில் வாங்கி வைத்திருந்த வேறொரு கோர்ஸில் அவை இல்லை. சிசிஎன்ஏவில் பட்ட பாடம் மறந்து போயிருந்தால் இங்கேயும் மாட்டியிருப்பேன், நல்லவேளை பாடத்திட்ட பிடிஎஃபை முதலில் பார்த்தேன்.

வீட்டிலிருந்து எழுதும்போது இன்னொரு சங்கடம். எனக்கு உதட்டை அசைத்துப் படிக்கிற பழக்கம். கண்காணிப்பாளர் சாட்டில் வந்து, பேசக் கூடாது என்று எழுதிவிட்டார். அந்த ஒரு வரியில் கை நடுங்க ஆரம்பித்து, ஐந்து நிமிடம் போயிற்று. போதாக்குறைக்கு ஆடி மாதம், தெருமுனை மாரியம்மன் கோவிலில் மைக் செட். இனி எது எழுதினாலும் தேர்வு மையத்தில்தான்.

தமிழில் நெட்வொர்க்கிங், கிளவுட் சொல்லித்தரும் யூடியூப் சேனல்கள் இப்போது நிறைய இருக்கின்றன. ஒரு விஷயம் முதலில் மண்டையில் ஏற அவை அருமை, விபிசி (கிளவுடில் நமக்கென்று ஒரு தனி நெட்வொர்க்) எனக்குப் புரிந்ததே அப்படித்தான். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் கேள்வித்தாளில் தடுமாற வேண்டியிருக்கும். ஏஐ அரட்டைக் கருவிகளிடம் என் விடை ஏன் தப்பு என்று தமிழில் கேட்பது நல்ல பழக்கம், ஆனால் எண்ணும் வரம்பும் கேட்டால் கொஞ்சமும் தயங்காமல் தப்பாகச் சொல்லும், ஆவணத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அவை தயாரித்துக் கொடுத்த மாதிரிக் கேள்விகளும் நிஜத்தைவிட ரொம்ப எளிதாக இருந்தன.

போன மாதம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் வந்து, "ஏனுங்ண்ணா, டம்ப்ஸ் ஏதாச்சும் வெச்சிருக்கீங்ளா?" என்றான். எக்ஸாம் டாபிக்ஸ் பிடிஎஃபை அனுப்பினேன். "இது இல்லைங்ண்ணா" என்று பதில் வந்தது.

என் ஏடபிள்யூஎஸ் சான்றிதழ் 2026 நவம்பரில் காலாவதியாகிறது. இந்த முறை கோர்ஸ் எதுவும் வாங்குவதாக இல்லை. பாடத்திட்டத்தில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, பழைய தப்பு நோட்டிலிருந்து தொடங்கலாம் என்று எடுத்தேன். பஸ்ஸில் எழுதிய கையெழுத்து, பாதி எனக்கே புரியவில்லை.