பாஸ் கட்டானா 50 மார்க் 2: சிங்கிள் காயில் கிட்டாருக்குச் சரிப்படுமா?

பாஸ் கட்டானா என்பது எலக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்ப், ஒலியைப் பெருக்கும் பெட்டி. சிங்கிள் காயில் என்பது கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பில் ஒரு வகை. இரண்டும் ஒன்றுக்கொன்று சரிப்படும். ஆனால் கடையில் போட்டுக் காட்டுகிற மாதிரி வைத்தால் சரிப்படாது. அங்கே பிரவுன் சேனலில் கெயினை (ஒலியைக் கரகரக்க வைக்கும் நாப்) முக்கால்வாசி ஏற்றி, ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப் வைத்த கிட்டாரில் நாலு ரிஃப் அடித்துக் காட்டுவார்கள். பிரமாதமாக இருக்கும். அதே செட்டிங்கில் சிங்கிள் காயில் வைத்த ஒரு ஸ்ட்ராட்டை (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) சொருகிப் பாருங்கள், கம்பியைத் தொடுவதற்கு முன்னாலேயே ஆம்ப் உறும ஆரம்பித்துவிடும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சி.எஸ்.ஐ. சபையின் பாடகர் குழுவில் ஞாயிறுதோறும் கிட்டார் வாசிக்கிறேன். முகூர்த்த மாதங்களில் ரிசப்ஷன் கச்சேரிகளும் உண்டு. கிட்டார் ஸ்கொயர் ஸ்ட்ராட், மூன்றும் சிங்கிள் காயில். கட்டானாவில் ஜென் 3 வரிசை 2024இல் வந்த பிறகு மார்க் 2 வைத்திருந்த பலர் விற்கத் தொடங்கினார்கள். அப்படி ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் பதினெட்டாயிரத்துக்கு வாங்கினேன். பாமாலை, கீர்த்தனை, எண்பதுகளின் சினிமாப் பாட்டு, இந்த மூன்றுக்கும் ஒரே ஆம்ப் போதுமா என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மெட்டல் வாசிப்பவர்கள் இந்த விமர்சனத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வால்வு கிடையாது, முழுக்க சாலிட் ஸ்டேட். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. 50 வாட், 25 வாட், அரை வாட் என்று மாற்ற ஒரு நாப். அக்கவுஸ்டிக், கிளீன், கிரஞ்ச், லீட், பிரவுன் என ஐந்து குரல்கள், ஒவ்வொன்றுக்கும் இன்னொரு வடிவம். எடை பன்னிரண்டு கிலோவுக்குள். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக் கொண்டுபோய்விடலாம்.

முதலில் உறுமலை முடித்துவிடுவோம். சிங்கிள் காயில் என்பது ஆறு காந்தத் துண்டுகளைச் சுற்றி மெல்லிய கம்பியை 8,000 சுற்று வாக்கில் சுற்றியது. கிட்டார் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற அதே காயில், பக்கத்திலிருக்கும் கரண்ட் வயரின் காந்தப்புலத்தையும் பிடிக்கும். கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் இருந்த செத் லவர் 1955இல் இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து அதைத் தீர்த்துக் கொடுத்தார்; அதுதான் ஹம்பக்கர். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் கேட்பது 50, அதன் இரட்டிப்பான 100 என்ற வரிசையில் வரும். 100 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய ஜி. ஆகவே ஜி மேஜரில் பாடும்போது உறுமலும் ஓரளவு சுருதியோடு நிற்கும்! ஏ மேஜரில் அந்தச் சலுகை இல்லை.

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். கம்பியில் கை வைத்ததும் குறைகிற சத்தம் ஒன்று. கிட்டாருக்குள் செப்புத் தகடு ஒட்டினால் அது நன்றாகவே அடங்கும். கை வைத்தாலும் மாறாமல், நாம் உட்கார்ந்திருக்கும் திசை மாறினால் மட்டும் கூடிக் குறைகிற சத்தம் இன்னொன்று. இது காந்தப்புலம். செப்புத் தகடு இதை ஒன்றும் செய்யாது. ஆம்ப்பை விட்டு இரண்டு மீட்டர் தள்ளி, கால் வட்டம் திரும்பி உட்கார்ந்தால் பாதி போய்விடும். மூன்றாவதாக ஒரு "ஜிர்ர்" உண்டு. அது மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரிலிருந்து வருவது. விசிறியை முழு வேகத்தில் வையுங்கள், இல்லை அணைத்துவிடுங்கள். மே மாதத்தில் பாடகர் குழு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்யாண மண்டபங்களில் இன்னொரு சங்கதி. மூன்று துளை சாக்கெட் இருக்கும்; எர்த் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் சுரீரென்று இழுக்கும். உறுமல் குறைகிறது என்று எர்த் பின்னை வெட்டச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்ட்ராட்டின் ஐந்து நிலைச் சுவிட்சில் 2, 4 என்ற நடு நிலைகளில் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து வேலை செய்யும். நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருந்தால் அங்கே ஹம், அதாவது அந்த உறுமல், செத்துப்போகும். 1954இல் ஸ்ட்ராட் வந்தபோது இருந்தது மூன்று நிலைச் சுவிட்ச். இரண்டுக்கும் நடுவில் லாகவமாக நிறுத்தித்தான் அந்தக் குரலை எடுத்தார்கள். ஐந்து நிலை 1977இல்தான் ஃபெண்டரின் வழக்கமாயிற்று. பாமாலைக்கு நான் நிற்பது பெரும்பாலும் 4இல், கழுத்தும் நடுவும் சேர்ந்த இடத்தில். சத்தமும் இல்லை, குரலும் மணிமணியாக இருக்கும்.

இனி டோன். சிங்கிள் காயில் தன்னளவிலேயே ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி) மிகுந்தது. கட்டானாவின் கிளீன் குரல் அதைக் கொஞ்சமும் மழுப்பாமல் அப்படியே வெளியே தள்ளுகிறது. தனியாக வாசிக்கும்போது கண்ணாடி மாதிரித் தெளிவு. பாடகர் குழுவுக்குள் போனதும் கூர் மட்டும்தான் கேட்கும், உடம்பு கேட்காது. ஆகவே என் சிபாரிசு கிளீன் அல்ல, கிரஞ்ச். கெயின் கடிகார முள் கணக்கில் ஒன்பது, ஒன்பதரை. மென்மையாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் ஓரத்தில் லேசான கரகரப்போடும் வர வேண்டும். அவ்வளவுதான் கெயின். பிறகு கிட்டாரின் வால்யூமை 7இல் வைத்துச் சரணங்களுக்கு வாசிக்கலாம், இடையிசைக்கு 10. காலால் எதையும் மிதிக்காமல் இரண்டு குரல் கிடைக்கும். இதைச் சரியாகச் செய்கிற சாலிட் ஸ்டேட் ஆம்ப் இந்த விலையில் அதிகம் இல்லை. கட்டானாவுக்கு நான் கொடுக்கிற பெரிய மதிப்பெண் இதற்குத்தான்.

பேஸ் (கீழ் ஒலி) பத்து மணி, ட்ரெபிள் பத்தரை, மிடில் (நடு ஒலி) இரண்டு மணி. மிடிலைப் பார்த்துப் புருவம் உயர்த்துகிறவர்கள் உண்டு. தனியாக வாசித்தால் மூக்கடைத்த மாதிரித்தான் இருக்கும். ஆனால் நம் குழுக்களை நினைத்துப் பாருங்கள். கீபோர்டுக்காரர் இடது கையில் பேஸைப் பிடித்துக்கொள்வார், வலது கையில் ஸ்ட்ரிங்ஸ் போட்டு மேலே ஒரு போர்வை விரிப்பார். கிட்டாருக்கு மிச்சமாக ஒரு சந்துதான் இருக்கிறது, அது மிடில். அங்கே நிற்காவிட்டால் எவ்வளவு சத்தம் வைத்தாலும் கேட்காது. கேட்கவில்லையே என்று ட்ரெபிளைத்தான் எல்லோரும் முறுக்குகிறார்கள்.

முறுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 12 அங்குல ஸ்பீக்கர் ட்ரெபிளை நேர்க்கோட்டில் மட்டும் பாய்ச்சும். பக்கவாட்டிலும் மேலேயும் அது தேய்ந்துபோகும். தரையில் வைத்த ஆம்ப் நம் கெண்டைக்காலுக்குத்தான் ட்ரெபிளைக் கொடுக்கிறது. எங்கள் குழுவில் இன்னொரு தம்பி வாசிக்கிறான். காதுக்கு மந்தமாகக் கேட்கிறதே என்று ட்ரெபிளை மூன்று மணிக்குக் கொண்டுபோனான். ஆராதனை முடிந்ததும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் வந்து, "தம்பி, ஒங்க கிட்டாரு காதுல ஊசி ஏத்துன மாதிரில்லா இருக்கு" என்றார். அவருடைய காது ஸ்பீக்கருக்கு நேர் எதிரே, அதே உயரத்தில். இப்போது ஆம்ப்பை ஒரு நாற்காலியில் ஏற்றி, சற்றே மல்லாத்தி, எங்கள் முகத்தைப் பார்க்க வைக்கிறோம். ட்ரெபிள் தானாகவே பத்தரைக்கு இறங்கிவிட்டது. கட்டானாவில் சாய்த்து வைக்கக் கால் எதுவும் கிடையாது. ஒரு மரக்கட்டை செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரை வாட் நிலை ராத்திரிப் பயிற்சிக்கு அருமை, பக்கத்து வீட்டில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். ஆனால் அரை வாட்டில் செய்த டோனை அப்படியே மண்டபத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸை நிறையவே இழக்கிறது, உச்ச ட்ரெபிளையும் ஓரளவு இழக்கிறது. அந்தக் குறையை நாப்களில் சரிக்கட்டியிருப்போம். 50 வாட்டில் அந்தக் குறை மறைந்து, கூட்டியது மட்டும் மிஞ்சும்: கீழே குமுறல், மேலே கீச்சல். ஆம்ப்பில் டோன்களைச் சேமிக்க நான்கு இடங்கள் உண்டு. நான் ஒன்றை வீட்டுக்கும் ஒன்றைக் கோயிலுக்கும் ஒன்றை மண்டபத்துக்கும் ஒதுக்கியிருக்கிறேன். கோயில் டோனைக் கோயிலிலேயே, சனிக்கிழமை பயிற்சியில், கீபோர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சேமித்தேன்.

கம்ப்யூட்டரில் இணைத்தால் டோன் ஸ்டுடியோ என்ற மென்பொருளில் அறுபதுக்கு மேற்பட்ட எஃபெக்ட்டுகள் திறக்கும். பெரும்பாலும் நான் தொடவில்லை. தொட்டது இரண்டு. ஒன்று, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் சின்ன வெட்டு; சிங்கிள் காயில் பிக்கப் தானாகத் துருத்திக்கொண்டு நிற்பது அந்தப் பக்கம்தான். இரண்டு, நாய்ஸ் சப்ரஸர். இதைக் குறைவாக வைத்தால் பாட்டுக்கு இடையில் ஹம்மை அமுக்குகிறது, நல்லது. கொஞ்சம் கூட்டினால் "ஆமென்" முடிவில் நீளமாகக் கரைய வேண்டிய கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) நட்டநடுவில் கத்தரித்துவிடும். வாசிக்கும்போது எப்படியும் உறுமல் கேட்காது. வாசிக்காதபோது வால்யூமைச் சுழற்றி மூடும் பழக்கத்துக்கு ஈடான சப்ரஸர் எதுவும் இல்லை.

ஆம்ப்பைக் குறை சொல்வதற்கு முன் கிட்டாரில் பார்க்க வேண்டியவை சில. பிக்கப்பின் உயரம்: கிட்டார் கழுத்தின் கடைசிக் கட்டத்தில் (ஃப்ரெட்) கம்பியை அழுத்திப் பிடித்து அளந்தால், பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு ஃபெண்டர் சொல்கிற தொடக்க அளவு தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ. அதைவிட நெருங்கினால் காந்தம் கம்பியையே இழுத்து, மேல் கட்டங்களில் சுருதி ஆடும். எந்த ஆம்ப்பும் அதைத் திருத்தாது. பழைய ஸ்ட்ராட் வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் நாப் கிடையாது. காதைக் குத்துவது பெரும்பாலும் அதுதான். சுவிட்சில் ஒரு சின்ன வயரைப் பற்றவைத்தால் இரண்டாம் டோன் நாப் அதற்கும் வேலை செய்யும். ரேடியோ ரிப்பேர்க் கடையில் பத்து நிமிட வேலை. கேபிளும் கணக்கில் சேரும். ஆறு மீட்டர் கேபிள் மூன்று மீட்டரைவிட ட்ரெபிளைக் கூடுதலாக விழுங்கும்; ஸ்ட்ராட்டுக்கு அது சில சமயம் உபகாரம்.

லீட், பிரவுன் இரண்டும் சிங்கிள் காயிலோடு எனக்கு ஒத்துவரவில்லை. கெயின் ஏற ஏற ஹம்மும் சேர்ந்து ஏறும், கம்பியின் தனித்தன்மை கரைந்துபோகும். அக்கவுஸ்டிக் குரல், பிக்கப் வைத்த அக்கவுஸ்டிக் கிட்டாருக்கானது. கீர்த்தனைக்கு அதைச் சொருகினால் நன்றாகவே இருக்கிறது. நல்ல வால்வு ஆம்ப்பில் கம்பியை அழுத்தும்போது விரலுக்குத் தெரிகிற அந்தத் திணறல் இங்கே முக்கால்வாசிதான். வால்வு மாற்றும் செலவும் ஓல்டேஜ் ஏறி இறங்கும் பயமும் இல்லாததால் அந்தக் கால்வாசியை நான் விட்டுக்கொடுத்தேன்.

சிங்கிள் காயில் வைத்திருந்து, குழுவோடு வாசிக்கிறவர் என்றால் செகண்ட் ஹேண்டில் இதைத் தாராளமாக வாங்கலாம். வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு 50 வாட் தேவையே இல்லை, இதைவிடச் சின்னதைப் பாருங்கள். வாங்கும்போது வாட் நாப்பைத் திருப்பி மூன்று நிலையிலும் கேட்டுப் பாருங்கள், ஹெட்ஃபோன் துளையையும் சோதியுங்கள். கால் சுவிட்ச் ஆம்ப்போடு சேர்ந்து வராது. அதற்குத் தனியாகப் பணம் எடுத்துவையுங்கள்.