குளச்சல் உப்புக்காற்றில் நாலு மாதம் நின்ற பாலே பார்

பாலே நடனம் பழகும்போது கை வைத்துக்கொள்ளும் கம்பி இது. நாலடி நீளம், இரட்டைக் கம்பி, கழற்றி மாட்டும் வகை. ஆன்லைனில் 7,400 ரூபாய், குளச்சலுக்கு வந்து சேர 9 நாள். பெட்டியில் 'பாலே பார்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கொண்டுவந்த தம்பிக்கு ஒரே சிரிப்பு. பெங்களூரில் நாலு வருடம் பாலே படித்தேன், இப்போது வீட்டிலிருந்தே வேலை, பக்கத்தில் வகுப்பு எதுவும் இல்லை, அதனால் மாடி ஹால்தான் எனக்கு ஸ்டுடியோ.

மெதுவான பயிற்சிக்குக் குறை சொல்ல முடியாது. பிளியே (முட்டி மடக்குவது), தாந்த்யூ (காலைத் தரையோடு நீட்டுவது), ரெலவே (குதிகால் உயர்த்துவது) எதற்கும் அசையவில்லை, கையைக் கம்பிமேல் சும்மா வைத்துக்கொள்வதுதானே, பிடித்துத் தொங்கவா போகிறோம். இரண்டு கம்பி இருப்பதும் வீண் இல்லை. முனை கெட்டியான பாயிண்ட் ஷூ போட்டு கால்விரல் நுனியில் ஏறியதும் உடம்பு நாலைந்து அங்குலம் உயர்ந்துவிடும், தரையில் நிற்கும்போது சரியாக இருந்த கம்பி அப்போது தாழ்ந்துபோய் தோள் ஒரு பக்கம் சாயும். அதனால் சாதா பயிற்சிக்குக் கீழ்க் கம்பி, பாயிண்டுக்கு மேல் கம்பி.

சிக்கல் 'ஜிசெல்' என்ற பாலே நாடகத்தில் வந்தது. முதல் அங்கத்தில் நாயகி ஜிசெல் தனியாக ஆடும் வேரியேஷன் (1841-ல் பாரிஸில் ஆடியபோது இது கிடையாது, பிற்பாடு ருஷ்யாவில் சேர்த்தது). அதில் இடது கால் நுனியிலேயே மேடையின் குறுக்கே தத்தித் தத்திப் போக வேண்டும், வலது கால் அந்தரத்தில் வேலை செய்துகொண்டே இருக்கும், முகத்தில் மட்டும் கஷ்டம் தெரியக்கூடாது. நடுவில் போய் ஆடும் முன் இடது கையைக் கம்பியில் வைத்து, கணுக்காலை இறுக்கி, முட்டியைச் சற்றே மடக்கி, நின்ற இடத்திலேயே பழகினேன். ஆறாவது தத்தலில் கம்பியும் கூடவே வந்துவிட்டது! கம்பி ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடி டைல்ஸில் வழுக்கி, ஒவ்வொரு துள்ளலுக்கும் டக், டக் என்று நகர்கிறது. கீழேயிருந்து ஆச்சி, "எட்டி, எதுக்கு இந்தச் சாட்டம் சாடுக? மச்சு இடிஞ்சு விழும்."

சரி என்று அந்த மூடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு அடியில் ரப்பர் ஷீட் துண்டு வைத்தேன், நம்ம மாவட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம். காலுக்கு ஒன்றாக எம்-சாண்ட் கட்டிய சின்னச் சாக்கும் போட்டேன். இப்போது அசைவதில்லை. நாம் ஆடும் இடத்தில் மட்டும் ரப்பர் விரித்துவிடாதீர்கள், சுற்றும்போது ஷூ பிடித்துக்கொண்டு முட்டி திருகிவிடும். அதற்கு வினைல் விரிப்புதான் சரி.

அப்புறம் துரு. அலுமினியக் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் போல்ட் எல்லாம் சாதா இரும்பு. ஜூன் மழை தொடங்கிய மூன்றாவது வாரமே செம்மண் நிறத்தில் துரு கையில் ஒட்டியது, வெள்ளை டைட்ஸில் கறை. விற்றவருக்கு மூன்று முறை எழுதினேன், பதிலே இல்லை. கடைசியில் வள்ளத்துக்குச் சாமான் விற்கும் கடையில் துருப்பிடிக்காத எஸ்.எஸ். போல்ட் எட்டு வாங்கி மாற்றினேன், இன்றுவரை பளபளப்பு.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். சுவரில் துளை போட முடியும் என்றால் இது வேண்டாம், மாடிப்படிக் கைப்பிடி செய்யும் வெல்டரிடமே ஸ்டீல் பைப் மாட்டச் சொல்லுங்கள். நான் கூப்பிட்டுக் கேட்டபோது அந்த அண்ணன் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "படி எங்க பிள்ளே?" என்றார். அதற்குள் ஆச்சி வந்து துளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.