ராயன்: அண்ணாவியாரே களரிக்குள் இறங்கினால்

தனுஷ் எழுதி, இயக்கி, தானே நாயகனாகவும் நின்ற 'ராயன்' படத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதல் தரம் 2024 யூலையில், படம் வெளியான கிழமையிலேயே, மட்டக்களப்பு டவுனில் உள்ள ஒரு தியேட்டரில். இரண்டாம் தரம் அடுத்த மாதம் அமேசான் பிரைமில் வந்த பிறகு, வீட்டில் இருந்து, நிறுத்தி நிறுத்தி. இரண்டும் இரண்டு படம் மாதிரி இருந்தது. அதில் பாதிக் குற்றம் தியேட்டருடையது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பாண்டிருப்பில் இருந்து நாங்கள் மூன்று பேர் போனோம். நான், தங்கச்சி, மச்சான். கல்லடிப் பாலம் தாண்டும்போதே பொழுது பட்டுவிட்டது. உள்ளே போனால் திரை மங்கல். ஒளிப்பதிவாளர் ஓம் பிரகாஷ் இந்தப் படத்தை இருட்டுக்குள்ளேயே எடுத்திருக்கிறார், கறுப்பும் சிவப்பும்தான் அதிகம், முகத்தில் பாதி வெளிச்சம் பாதி நிழல் என்று. அந்த மாதிரிப் படத்தை மங்கிப்போன விளக்கு வைத்து ஓட்டினால் யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியாது. பின்னணி இசை ஏறும்போதெல்லாம் இடது பக்கத்து ஸ்பீக்கர் கிழிந்த தகரம் போல அதிர்ந்தது. ஏ.ஆர்.ரகுமான் இசைக்காகவே காசு கொடுத்துப் போன எனக்கு அது மனவருத்தம்தான். இன்னொன்று, இந்தியாவில் இந்தப் படத்துக்கு 'ஏ' சான்றிதழ், பெரியவர்களுக்கு மட்டும். எங்களுக்கு முன்வரிசையில் எட்டு ஒன்பது வயதுப் பொடியன்கள் இரண்டு பேர் இருந்தார்கள், வாசலில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுத்து அறுக்கும் காட்சியில் சின்னவன் தகப்பனின் கைக்குள் முகத்தைப் புதைத்ததைப் பார்த்தேன். டிக்கெட் கொடுக்கிற இடத்திலேயே சொல்லி அனுப்ப வேண்டிய விஷயம் இது.

சரி, படத்துக்கு வருவோம்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. சின்ன வயதில் தாய் தகப்பன் இல்லாமல் போன மூத்தவன் காத்தவராயன், கைக்குழந்தையாக இருந்த தங்கச்சியையும் இரண்டு தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடி வருகிறான். பட்டணத்தில் ஒருவர் இடம் கொடுக்கிறார், வளர்ந்து சாப்பாட்டு வண்டி போட்டுப் பிழைக்கிறார்கள், அங்கே துரை, சேது என்று இரண்டு ரவுடிக் கூட்டம், நடுவில் அவர்களை மோதவிட்டுப் பார்க்கிற ஒரு பொலிஸ் அதிகாரி. அப்புறம் பழி, பழிக்குப் பழி. இதற்கு மேல் சொன்னால் பார்க்காதவர்களுக்குக் கெட்டுவிடும்.

எனக்குச் சொல்ல இருப்பது கதை பற்றி அல்ல. நடிகனே இயக்குனராக நிற்பது பற்றி.

எங்கள் பக்கம் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்குகிற ஆசான், மாதக்கணக்கில் ஆட்டம் பழக்குவார், பாட்டு, தாளம் எல்லாம் சொல்லிக் கொடுப்பார், ஆனால் அரங்கேற்றத்து இரவில் மத்தளத்தோடு நிற்பாரே தவிர வில்லைத் தூக்கிக்கொண்டு அருச்சுனனாகக் களரிக்குள், அந்தக் கூத்து ஆடுகிற இடத்துக்குள், இறங்க மாட்டார். என் பெரியப்பா ஒருவர் வடமோடிக் கூத்து பழக்கியவர். ஏன் நீங்கள் ஆடுவதில்லை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "ஆடுறவனுக்குத் தன்ட ஆட்டம் தெரியாது மனே. அதப் பாக்கத்தான் நான் வெளியில நிக்கன்" என்றார். ராயன் பார்க்கும்போது அந்தப் பேச்சு எத்தனை தரம் ஞாபகம் வந்தது என்று சொல்ல முடியாது.

தமிழ்ச் சினிமாவில் இது புதுசும் இல்லை. 1958இல் 'நாடோடி மன்னன்' எடுத்த எம்ஜிஆர் அதில் இரட்டை வேடமும் போட்டு இயக்கவும் செய்தார். கமல் பல தரம் செய்தார். தனுஷின் முதல் இயக்கம் 2017இல் வந்த 'ப. பாண்டி', அதில் முழுப் படத்தையும் ராஜ்கிரணின் தோளில் கொடுத்துவிட்டுத் தான் ஒதுங்கி, இளவயதுப் பகுதியில் மட்டும் வந்தார். ராயன் அவருடைய 50ஆவது படம், இதில்தான் நடுக்களரிக்குள் இறங்கியிருக்கிறார்.

இறங்கியவர் தன்னை எப்படி வைத்திருக்கிறார் என்று பார்த்தால், அங்கேதான் எனக்குப் படம் பிடித்தது. பேச்சே இல்லை. மொட்டைத் தலை, தடித்த மீசை, தோளைக் கொஞ்சம் கூனிக்கொண்டு நிற்கிற நிலை. மற்றவர்கள் எல்லாரும் கத்துகிறார்கள், இவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நீட்டி நீட்டி வசனம் பேசி, தன்னைத் தானே புகழ்கிற காட்சிகள் வைக்க அவருக்கு எல்லா வசதியும் இருந்தது, யார் தடுப்பது? வைக்கவில்லை. இடைவேளைக்கு முன்னால் வருகிற சண்டையில்கூட அடிக்கிறவனின் முகத்தில் சந்தோசம் கிடையாது, ஒரு வேலையைச் செய்து முடிக்கிறவனின் களைப்புத்தான் இருக்கிறது. பீட்டர் ஹெய்னின் சண்டை அமைப்பும் அதற்குத் தோதாக இருந்தது.

மற்றவர்களுக்கு இடம் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் கமராவுக்கு முன்னால் நிற்கிறவர்களில் சிலர் இயக்குனர்களும்கூட: தனுஷ், சேதுவாக வருகிற எஸ்.ஜே.சூர்யா, அடைக்கலம் கொடுக்கிற சேகராக வருகிற செல்வராகவன். செல்வராகவன் தனுஷின் சொந்த அண்ணன், 2003இல் 'காதல் கொண்டேன்' படத்தில் தனுஷை யார் என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியவரே அவர்தான். அந்த அண்ணனைத் தம்பி இயக்குகிறார், சும்மா இரண்டு காட்சிக்கு நிற்க வைக்கவில்லை, சின்னப் பொடியனாக இருக்கிற ராயனுக்கு ஓநாய் எப்படி வேட்டையாடும் என்று சொல்லிக்கொடுக்கிற இடம், படம் முழுவதற்கும் ஆணிவேர் அது. அவர் அதைக் குரலை உயர்த்தாமல் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். சூர்யா வழக்கம்போல எந்த நேரத்தில் சிரிப்பார் எந்த நேரத்தில் வெட்டுவார் என்று தெரியாத ஆள், அவர் வருகிற இடமெல்லாம் தியேட்டர் உயிர் பிடித்தது. பொலிஸ் அதிகாரியாக வருகிற பிரகாஷ்ராஜுக்கு வேலை குறைவு.

இனித் துர்கா. துஷாரா விஜயன் செய்திருக்கிற தங்கச்சி வேடம்.

பழிவாங்கும் கதை எங்களுக்குச் சினிமா சொல்லித் தந்தது அல்ல. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் வருடாவருடம் 18 நாள் சடங்கு, பாண்டவர் வனவாசம் போவது, அருச்சுனன் தவநிலை, கடைசியில் தீமிதிப்பு என்று ஊரே அந்தக் கதைக்குள் கிடக்கும். அவிழ்த்த கூந்தலோடு நிற்கிறவள்தான் அங்கே நடு. வீமன் அடிக்கலாம், அருச்சுனன் அம்பு விடலாம், ஆனால் பழி அவளுடையது, அது தீருகிறதா இல்லையா என்று சொல்லவேண்டியவளும் அவள்தான். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்களுக்குத் தமிழ்ச் சினிமாவில் பெண்ணுக்கு ஒரு கொடுமை நடக்க, அண்ணனோ புருஷனோ அரிவாளைத் தூக்க, அவள் மூலையில் அழுதுகொண்டு கிடக்கிற கதையெல்லாம் குறையாகவே படும்.

தனுஷ் இந்தப் படத்தில் ஆயுதத்தை அவளின் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்த மருத்துவமனைக் காட்சியில் நாயகன் எழும்ப முடியாமல் கிடக்கிறான், வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள், துர்கா தனியாக நிற்கிறாள். நான் திரையைப் பார்த்ததைவிடத் தங்கச்சியைத்தான் பார்த்தேன். இடைவேளையில் வாங்கிய கச்சான் (வேர்க்கடலை) சரையை அவள் பிரிக்கவே இல்லை. கடதாசி அவளின் பிடிக்குள் கசங்கிக் கசங்கி, அடிப்பக்கம் பிய்ந்து, ஒவ்வொன்றாகக் கச்சான் மடியில் விழுகிறது, அவளுக்குத் தெரியவில்லை. காட்சி முடிந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். பின்வரிசையில் ஒரு பெண் குரல் "அடி, நல்லா அடி கா" என்றது, யாரும் சிரிக்கவில்லை.

தன் 50ஆவது படம், தானே இயக்குனர், அதில் உச்சமான சண்டையைத் தான் படுக்கையில் கிடந்துகொண்டு இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு மனம் வேண்டும். அந்த ஐந்தாறு நிமிடத்துக்கு அண்ணாவியார் வெளியில் வந்து நின்றார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்கு முன்னால் துர்காவுக்கு நடக்கிற அந்தக் கொடுமை இருக்கிறதே, அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கதையை முடுக்கிவிட ஒரு கொடுமை தேவைப்பட்டது, வைத்தார்கள், தாண்டிப் போய்விட்டார்கள். அவள் அதற்குப் பிறகு எப்படி ஒரு இரவைக் கழித்தாள், அண்ணனிடம் என்ன சொன்னாள், ஒன்றும் இல்லை. அமைதியான ஒரு காட்சி, இரண்டே நிமிடம் கொடுத்திருந்தால் மருத்துவமனைக் காட்சி இன்னும் பத்து மடங்கு கனத்திருக்கும். வீட்டில் இரண்டாம் தரம் பார்த்தபோது இது இன்னும் உறுத்தியது.

அடுத்தது தம்பிமார். சந்தீப் கிஷன் முதல் பாதியில் நல்ல துடிப்பு, அவருக்கும் மேகலையாக வருகிற அபர்ணா பாலமுரளிக்கும் இடையில் இருக்கிற சண்டையும் கொஞ்சலும் உண்மையான வீட்டுக்குள் நடப்பதுபோல இருக்கிறது, 'வாட்டர் பாக்கெட்' பாட்டும் அந்தச் சோடிக்குப் பொருத்தம். காளிதாஸ் ஜெயராமும் பழுதில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் அவர்களின் மனம் மாறுகிற வேகம் இருக்கிறதே! தன்னைத் தூக்கி வளர்த்தவனுக்கு எதிராக ஒருவன் திரும்புவதென்றால் அது எத்தனை நாள் உள்ளுக்குள் புழுங்கியிருக்க வேண்டும்? எங்கள் ஊரில் வேலிக் காணிச் சண்டையில் சகோதரங்கள் பிரிவதற்கே வருடம் எடுக்கும். இங்கே இரண்டு வசனத்தில் முடிந்துவிடுகிறது. வெளியில் மத்தளத்தோடு ஒருவர் நின்றிருந்தால் "நில், இந்த இடம் காணாது, மறுகா ஆடு" என்று சொல்லியிருப்பார் என்றுதான் எனக்குப் பட்டது.

இசை பற்றித் தியேட்டரில் பாதிதான் கேட்டது, வீட்டில் ஹெட்செட் போட்டுக் கேட்டபோதுதான் முழுதாக விளங்கியது. 'அடங்காத அசுரன்' பாட்டைத் தனுஷே எழுதி, ரகுமானோடு சேர்ந்து பாடியும் இருக்கிறார். நடுவில் ரகுமானின் குரல் மேலே ஏறுகிற இடம், அந்த இடத்தில் கிழிந்த ஸ்பீக்கர் எங்களிடமிருந்து எதைப் பறித்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பார்க்கலாமா என்று கேட்டால், பார்க்கலாம், இரத்தம் தாங்குகிறவர்கள் என்றால். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேண்டாம். வீட்டில் என்றால் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள், பகலில் ஜன்னல் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் படத்தில் பாதி தெரியாது. முதல் பாதி எனக்கு முழுத் திருப்தி, இரண்டாம் பாதியில் துர்கா வருகிற இடங்கள் மட்டும்.

மச்சானுக்குப் படம் பிடிக்கவில்லை, வெட்டுக்குத்து கூடிப்போச்சு என்று களுவாஞ்சிகுடி வரும்வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. போன கிழமை வீட்டுக்கு வந்தபோது அவளாகக் கேட்டாள், "அண்ணா, அந்த ஆஸ்பத்திரிச் சீன் மட்டும் போட்டு விடுங்களன்." போட்டுவிட்டேன். நின்றுகொண்டே பார்த்தாள்.