பின்தொடைப் பிடிப்பும் மாடிப்படி பிசியோதெரபியும்

கம்பெனி விளையாட்டு விழா 200 மீட்டர் ஓட்டத்தில் வளைவு தாண்டியதுமே இடது பின்தொடையில் சுரீர் என்று பிடித்துக்கொண்டது. மறுநாள் எங்கள் பகுதி பிசியோதெரபி மையத்துக்குப் போனேன். மருந்துக்கடைக்கு மேல் முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. கால் வலியோடு வருகிறவர்களுக்கு 22 படி என்பது நியாயமே இல்லை.

ஆனால் வைத்தியம் அருமை. வந்ததும் கரண்ட் மெஷினை ஒட்டிவிட்டுப் போகவில்லை அந்த மேடம். எலும்புக்கூட்டின் காலை ஆட்டிக்காட்டி விளக்கினார். பின்தொடையில் மூன்று தசைகள். வேகமாக ஓடும்போது, முன்னே வீசும் காலைத் தடுத்து நிறுத்துவது அவைதான். அந்த நேரத்தில் தசை நீண்டுகொண்டே இழுக்கிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அதன் மேல் பாரம் உச்சத்துக்குப் போகும். தசை என்றால் சுருங்கித்தான் இழுக்கும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்!

வலி குறைந்த பிறகு நார்டிக் பயிற்சி. மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய வேண்டும். முதல் தடவை செய்து இரண்டு நாள் தொடை கனத்தது. கடுமையாக உழைக்கும்போது தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலம்தான் காரணமா என்று கேட்டேன். அது ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும், இது தசை இழைகளில் விழுந்த நுண்ணிய சேதம், ஆறும்போது பலப்படும் என்றார்.

ஒரு தடவைக்கு 400 ரூபாய். மாலையில் கூட்டம் அதிகம், காலை ஏழு மணிக்குப் போங்கள். ஏழாவது வாரம் முழு வேகத்தில் ஓடினேன், வலி இல்லை.