மண் அத்தர் என்று சொல்லி 13,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: சென்னை வாசனை விரும்பிகளுக்கு ஓர் எச்சரிக்கை

மழைமண் வாசனையைச் சந்தன எண்ணெயில் இறக்கிய மண் அத்தர் இரண்டு தோலாவுக்கு (ஏறத்தாழ 23 கிராம்) 13,500 ரூபாய் செலுத்தினேன். கைக்கு வந்ததோ பாரஃபின் என்னும் மலிவான கனிம எண்ணெயில் செயற்கை வாசனை கலந்த ஒரு குப்பி. விற்றவர்கள் இப்போது என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். கோபம் தணிந்த பிறகு எழுது என்று தோழி சொன்னாள்; அதற்குள் இன்னொருவர் அங்கே பணம் கட்டிவிடக்கூடும் என்பதால் இன்றே எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. சமூக ஊடகப் பக்கத்தின் வழியாகப் பாரம்பரிய அத்தர் விற்பவர்கள். சென்னையில் ஒரு மாடியறையில் சிறிய விற்பனையகமும் வைத்திருக்கிறார்கள்.

அந்த மணம் எனக்கு எத்தகையது என்பதைச் சொன்னால்தான் நடந்த அநியாயம் விளங்கும். வடக்கே தனியாகப் பயணம் செய்தபோது கான்பூரிலிருந்து, அத்தருக்குப் பேர்போன கன்னோஜுக்குச் சென்றிருந்தேன். அங்கே சூளையில் சுட்ட களிமண்ணைச் செப்புக் கலத்தில் நீரோடு இட்டு, மூடியின் விளிம்பை ஈரமண் பூசி அடைத்து, கீழே விறகெரித்துக் காய்ச்சுகிறார்கள். கிளம்பும் ஆவி மூங்கில் குழாய் வழியாகச் சென்று, தண்ணீர்த் தொட்டிக்குள் அமர்ந்திருக்கும் இன்னொரு பாத்திரத்திலுள்ள சந்தன எண்ணெயில் படிகிறது. ஒரு முதியவர் என் புறங்கையில் ஒரு துளி தடவிவிட்டு, இப்போது வாங்க வேண்டாம், கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். வெயிலில் நடக்க நடக்க, முதலில் எழுந்த மழைமண் வாசனை மெல்லத் தணிந்து, அடியிலிருந்து சந்தனம் மேலேறி வந்தது. நன்றாக இருக்கிறது என்றோ இது உனக்குப் பொருந்தாது என்றோ சொல்ல உடன் ஒருவரும் இல்லை. வீட்டார் வாங்கித் தந்ததையும் தோழிகள் பரிந்துரைத்ததையுமே பூசிப் பழகிய எனக்கு, முழுக்க என்னுடையது என்று சொல்லக் கிடைத்த மணம் அது ஒன்றுதான். சென்னை திரும்பிய பிறகும் அதையே பூசினேன். நான் வந்துவிட்டதை அலுவலகத்தில் மணத்தை வைத்தே சொல்லுவார்கள். வாங்கி வந்த சிறு குப்பி தீர்ந்ததும்தான் இவர்களைத் தொடர்புகொண்டேன்.

தொலைபேசியில் பேசியவர் மிகப் பணிவாகப் பேசினார். விலையைச் சொல்வதற்கு முன்பே, கன்னோஜில் என்ன வாங்கினீர்கள், கையில் எவ்வளவு நேரம் நின்றது, சந்தனம் எப்போது மேலே வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். மறுநாள் வந்த குரல்செய்தியில், “மேடம், நீங்க சொன்ன மாதிரியே முதல்ல மழை வாசனை வரும், நடக்க நடக்கச் சந்தனம் ஏறும், அதே சரக்குதான்” என்றார். காய்ச்சும் முறையைப் பிழையின்றி விவரித்தார், செப்புக் கலங்களின் காணொளி ஒன்றையும் அனுப்பினார். கன்னோஜ் வாசனைத் திரவியத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதையும் அவரே நினைவூட்டினார். உண்மையான சந்தன எண்ணெயின் விலை தெரிந்த எவருக்கும் 13,500 ரூபாய் நியாயமாகவே தோன்றும். என் நினைவை என் வாயாலேயே வரவழைத்து, அதையே எனக்குத் திரும்ப விற்றிருக்கிறார் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வந்த குப்பியில் தயாரித்தவரின் பெயரோ முகவரியோ இல்லை. மூடியைத் திறந்ததும் காட்டமாக ஒரு மண்வாசனை மூக்கில் ஏறி, சற்று நேரத்தில் அடையாளமின்றிப் போய்விட்டது. மணிக்கட்டில் மிஞ்சியது பிசுபிசுப்பு மட்டுமே. திருவல்லிக்கேணியில் பல காலமாக அத்தர் விற்கும் பாய் ஒருவரிடம் காட்டினேன். கையில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இதுல சந்தனமே இல்லம்மா, பாரஃபின்” என்றார். மழைமண் வாசனையைச் செயற்கையாகக் கொண்டுவருவது கடினமன்று. செலவெல்லாம் அடியிலிருக்கும் சந்தனத்தில்தான். அதைத்தான் திருடியிருக்கிறார்கள்.

அதன் பிறகு அந்தப் பணிவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆளுக்கு ஆள் தோலில் மணம் மாறும் என்றார்கள். பிறகு, இது புதிய சரக்கு, சில வாரம் வைத்தால் முதிரும் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், முத்திரை உடைத்த குப்பியைப் பெறுவதில்லை, பொதியைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள். முகர்ந்து பார்க்காமல் ஒரு வாசனைத் திரவியத்தை எப்படிச் சோதிப்பது? நேரில் சென்றேன், விற்பனையகத்தில் இருந்த பெண், இணைய விற்பனை வேறு, இங்கே பேசிப் பயனில்லை, முதலாளி ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டுத் தன் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். கன்னோஜில் மத்திய அரசின் வாசனை மற்றும் சுவை மேம்பாட்டு மையத்தில் ஆய்வகம் இருக்கிறது, அங்கே அனுப்பிச் சோதிக்கிறேன், பாரஃபின் என்று வந்தால் 13,500 ரூபாயைத் தருவீர்களா என்று எழுதிக் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அன்றே என் எண்ணைத் தடை செய்தார்கள்.

இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இவர்களின் பக்கத்தில் அப்படியொரு அலுவலரின் பெயரே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால் அங்கும் செல்வேன்.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத எண்ணியிருந்தேன், இப்போது மனம் அதற்கு இடம் தரவில்லை. இவற்றையாவது கவனியுங்கள். நீங்கள் தேடும் மணத்தை விற்பவரிடம் முதலில் விவரிக்காதீர்கள், அவரை விவரிக்கச் சொல்லுங்கள். பெரிய குப்பிக்குப் பணம் கட்டும் முன் 2 மில்லி மாதிரியை விலை கொடுத்து வாங்கி ஒரு நாள் முழுவதும் பூசிப் பாருங்கள். மாதிரி தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கடையின் பெயரில் ரசீது இல்லாமல் தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். என் 13,500 ரூபாய் அப்படித்தான் போயிற்று. ரசீது பொதியில் வரும் என்றார்கள், வரவில்லை.