கிக்கூயு புல்: 6 வருடம் வளர்த்தவனின் வயிற்றெரிச்சல்

கோத்தகிரி நண்பர் ஒருவர் புதிதாக இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகள் வாங்கியிருக்கிறார். "அண்ணா, உங்க சரிவுல இருக்கிற கிக்கூயுவுல நாலு சாக்கு கரணை கிடைக்குமா?" என்று போன வாரம் கேட்டார். கரணை என்றால் நடுவதற்கு வெட்டும் தண்டுத் துண்டு. கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலை முழுக்க நான் கேரட் பாத்தியில் குந்தி, அதே புல்லைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மனசு வராது. நீலகிரியில் எமரால்டு பக்கம் எங்கள் நிலத்தில் 40 சென்ட் சரிவில் 6 வருடத்துக்கு முன் ஊன்றியது. அதற்குப் பிறகு ஒரு கரணைகூட மறுபடி நடவில்லை. கென்யா மலைப்பகுதியில் பிறந்த புல், குளிருக்கு அசராது. நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் இலையெல்லாம் தீய்ந்து சரிவே காக்கி நிறமாகிவிடும். முதல் வருடம் செத்தே போயிற்று என்று நினைத்தேன். மார்ச்சில் ஒரு மழை பெய்தது, பத்தே நாளில் பச்சை. உயிர் மண்ணுக்குள் ஓடும் தண்டில் இருக்கிறது. மாடு மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. ஜூலை மழையிலும் சரிவு மண்ணை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இரவில் காட்டுமாடும் வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது, அதற்கும் ருசி தெரிந்திருக்கிறது.

ஒரு விசித்திரம்: பூ இலையுறைக்குள் ஒளிந்திருக்கும். மாடு ஒட்ட மேய்ந்த இடத்தில் மட்டும் காலையில் வெள்ளை நூல் நூலாக நீட்டிக்கொண்டு நிற்கும். "மே மாசத்துல உறைபனியா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

தாது உப்புக் கலவையை நிறுத்தக் கூடாது. இந்தப் புல்லில் ஆக்ஸலேட் இருப்பதால் சுண்ணாம்புச் சத்து மாட்டுக்குச் சரியாகச் சேராது, சோடியமும் குறைவு. காயவைத்துச் சேமிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். புல் முழங்கால் உயரம் நிற்கும்போது வெயில் இருக்காது, வெயில் வரும்போது புல் பனியில் கருகிக் கிடக்கும். செப்டம்பரில் ஒருமுறை பிடிவாதமாக அறுத்துப் பரப்பினேன். நாலாம் நாள் பூசணம் பிடித்து எருக்குழிக்குப் போனது. வைக்கோல் இன்னும் கீழே சமவெளியிலிருந்துதான் லாரியில் ஏறி வருகிறது.

சரி, கேரட் கதை. புல்லுக்கும் பாத்திக்கும் நடுவில் ஒரு முழ ஆழத்துக்குக் கால்வாய் வெட்டினேன். கொடி மேலே தாவியது, தண்டு அடியில் நுழைந்தது. ஓரத்தில் கொஞ்சம்தானே என்று போன வருடம் டில்லர் விட்டு உழுதேன். அந்தப் புத்திகெட்ட வேலைக்கு நான்தான் பொறுப்பு. டில்லர் கத்தி தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிப் பாத்தி முழுக்கத் தூவிவிட்டது. கணுவுக்குக் கணு வேர்விடும் புல், ஒரு துண்டும் வீணாகவில்லை. வாடகை கொடுத்து நானே நட்டதுபோலத்தான். கேரட் முளைத்து ஊசிபோல் நிற்கும்போது பக்கத்தில் இது. இழுத்தால் கேரட்டும் சேர்ந்து வருகிறது. மூன்று நாள் களையெடுப்புக் கூலி போயிற்று, அடுத்த மாதம் மறுபடி அதே இடத்தில் அதே புல்.

பால் குறையவில்லை, தீவனச் செலவு குறைந்தது, எல்லாம் உண்மைதான். ஆனால் நண்பருக்கு ஒரு கரணைகூடத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காக்ஸ்ஃபுட் என்ற தீவனப் புல்லைப் போடுங்கள், கொத்தாக நின்ற இடத்திலேயே நிற்கும், ஊர் சுற்றாது என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. கேரட் பிடுங்கி வண்டி ஏற்றிய பிறகு கேட்டிருந்தால் நாலு சாக்கையும் நானே கட்டிக் கொடுத்திருப்பேன்.