மணியோடு டிராகன்ஸ்பெர்க்: நான்கு வருடம், ஏழு பயணம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து மணியை எடுத்து வந்து ஐந்து வருடமாகிறது. ஆப்பிரிகானிஸ் வகை, அதாவது சூலு கிராமங்களில் காலங்காலமாகத் திரியும் உள்நாட்டு நாய். ஒட்டிய வயிறு, நீண்ட கால், செம்பழுப்பு நிறம். நான் கோவில்பட்டிக்காரன். முதல் நாள் பார்த்ததும் நம்ம ஊர்ச் சிப்பிப்பாறை நாய் எப்போது கப்பலேறி வந்தது என்றுதான் தோன்றியது.

நான்கு வருடத்தில் அவனை ஏழு தடவை பெர்க்குக்குக் கூட்டிப் போயிருக்கிறோம். (டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடரை இங்கே யாரும் முழுப் பெயரில் சொல்வதில்லை.) நாலு முறை ஷாம்பெயின் பள்ளத்தாக்கு, இரண்டு முறை அண்டர்பெர்க், ஒரு முறை நாட்டிங்காம் ரோடு என்ற அடிவார ஊர். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வசிக்கும் சாட்ஸ்வர்த்தில் நாயோடு மலைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு கசப்பான செய்தி. எந்த மலையைப் படத்தில் பார்த்துக் கிளம்புகிறோமோ அந்த மலைக்குள் நாய்க்கு அனுமதி கிடையாது. உக்கஹ்லாம்பா டிராகன்ஸ்பெர்க் பூங்கா சுமார் 2,40,000 ஹெக்டேர். 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். எலண்ட் மான்கள் மேயும் காட்டில் வீட்டு நாயை விட மாட்டார்கள், நியாயமும்கூட. முதல் பயணத்தில் எங்களுக்கு இது தெரியாது. நாயை ஏற்றுக்கொள்ளும் குடிலைத் தேடிப் பிடித்துப் பணமும் கட்டிவிட்டு, மறுநாள் காலை பூங்காவின் மாங்ஸ் கௌல் வாசலில் போய் நின்றால், நாய்ப் படத்தின் மேல் சிவப்புக் கோடு. மனைவியும் மகளும் ஸ்ஃபிங்க்ஸ் பாறை வரை ஏறிப் போனார்கள். நானும் மணியும் குடிலுக்குத் திரும்பி, 3,149 மீட்டர் கேத்கின் சிகரத்தை வராந்தாவிலிருந்தே தரிசித்தோம்.

ஆகவே மலையைப் பார்த்து இடம் பிடிக்காதீர்கள், பண்ணையைப் பார்த்துப் பிடியுங்கள். அதற்குப் பிறகு நாங்கள் தனியார் பண்ணைக்குள் இருக்கும், நாமே சமைத்துக்கொள்ளும் குடில்களாகத்தான் எடுக்கிறோம். "நாய் வரலாம்" என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. மூன்று கேள்வி கேட்பேன். குடிலைச் சுற்றி வேலி உண்டா? பண்ணைக்குள் நடக்க எவ்வளவு தூரம் பாதை இருக்கிறது? ஆடுகள் எந்தப் பக்கம் மேய்கின்றன? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும் தொனியிலேயே அந்தப் பண்ணைக்காரரின் குணம் தெரிந்துவிடும். ஆட்டை விரட்டும் நாய்க்கு அங்கே மன்னிப்பு கிடையாது. இன்னொன்று, வெறிநாய்க்கடித் தடுப்பூசிப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். தென்னாப்பிரிக்காவில் அந்த ஊசி சட்டப்படி கட்டாயம். எங்கள் மாகாணமான குவாசுலு நட்டாலில் வெறிநோய் இன்னும் ஓயவில்லை என்பதால் சில குடில்களில் வாசலிலேயே புத்தகத்தைக் கேட்கிறார்கள்.

பயணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. N3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் மணி வாந்தி எடுப்பான். முதல் மூன்று பயணமும் அதே வளைவில், சொல்லி வைத்தது போல. இப்போது கிளம்பும் அன்று காலையில் சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும். ஹார்னஸ் (மார்புப் பட்டை) மாட்டி அதைச் சீட் பெல்ட் கொக்கியில் இணைத்துவிடுகிறோம். மூயி ரிவர் சுங்கச்சாவடிக்கு முன்னால் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். வாங்கிய பொருட்களில் நான்கு வருடமும் உழைத்தது அந்த ஹார்னஸ் ஒன்றுதான். பாதத்துக்கு வாங்கிய நான்கு பூட்ஸும் தண்டம். மாட்டியதும் சுடுமணலில் நடக்கிற மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தான். அரை மணி நேரத்தில் ஒன்று ஓடையோடு போய்விட்டது. மீதி மூன்றும் இன்னும் கராஜில் கிடக்கின்றன.

இனி உண்ணி. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மூன்றாவது பயணம் முடிந்து வந்து இரண்டு வாரமிருக்கும். ஒரு காலை மணி சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். வெயில் அதிகம் என்று விட்டுவிட்டோம். மறுநாளும் அதே கதை. பக்கத்து வீட்டு அக்கா நாலாவது தலைமுறைத் தமிழர். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஆனால் மணியிடம் மட்டும் "சாப்டியாடா?" என்று தமிழில் கேட்பார். அவர்தான் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, அவன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு, சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வெளுத்திருந்தது. "பிலியரி. இப்பவே போ" என்றார். வாசலில் மணி சிறுநீர் கழித்தபோது பார்த்தேன், கடுங்காப்பி நிறம்.

பிலியரி என்று இங்கே சொல்வது பபீசியா என்னும் ஒட்டுண்ணியால் வரும் நோய். உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் ஏறி, சிவப்பணுக்களுக்குள் புகுந்து உடைத்துவிடும். தென்னாப்பிரிக்காவில் பரவலாக இருக்கும் ரகம் அந்தக் குடும்பத்திலேயே மோசமானது. டாக்டர் காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, வேறொரு நாயின் ரத்தத்தை ஏற்றினார். நான்கு நாள் அங்கேயே இருந்தான். அந்தப் பில்லுக்கு நாங்கள் மூவரும் நாயில்லாமல் இரண்டு தடவை மலைக்குப் போய் வந்திருக்கலாம்.

தப்பு யாருடையது? என்னுடையதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டிய உண்ணி மாத்திரையை ஐந்து வாரம் தாண்டவிட்டிருந்தேன். இப்போது கோவில் காலண்டரில், கிருத்திகைக்கும் அமாவாசைக்கும் நடுவே, மாத்திரை நாள் சிவப்பு வட்டத்தில் இருக்கிறது. மாத்திரை இருந்தாலும் மலையில் தினமும் ராத்திரி சோதனை உண்டு. தலைவிளக்கு மாட்டிக்கொண்டு காது மடிப்பு, விரலிடுக்கு, அக்குள், வாலடி என்று வரிசையாகத் தடவிப் பார்க்க வேண்டும். மிளகு அளவில் ஏதாவது நெருடினால் முடியை விலக்கி, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மெதுவாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். ஒரு ராத்திரியில் பதினொன்று எடுத்திருக்கிறேன். பாட்டில் மூடியில் சானிடைசர் ஊற்றி ஒவ்வொன்றாக அதில் போட்டபோது மகள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

எந்த மாதம் போவது? டிசம்பர் விடுமுறை என்றுதான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். நாய் இருந்தால் வேண்டாம் என்பேன். கோடையில் காலை பளிச்சென்று விடியும், மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் மலை முகட்டில் மேகம் திரளும், அப்புறம் இடி. பள்ளத்தாக்கில் இடி இடித்தால் சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பி வரும். நாங்கள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு இடிக்குப் பயந்து மணி படுக்கையறைக் கதவைப் பிறாண்டியே பலகை தெரிய வைத்துவிட்டான். கதவுக்குப் பணம் கட்டினோம். அதன் பிறகு புது இடத்தில் அவனைத் தனியாக விட்டதில்லை.

ஜூன், ஜூலை நல்லது. வானம் துடைத்துவிட்டது போலிருக்கும். ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும், காலையில் புல்லெல்லாம் உறைபனி. ஆப்பிரிகானிஸுக்கு முடி குட்டை என்பதால், என் பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி மனைவி ஒரு சட்டை தைத்தாள். கடையில் வாங்கிய மழைக்கோட்டைவிட அதுதான் நன்றாக உழைக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் தீத்தடுப்புக்காகப் புல்லைக் கீற்றுக் கீற்றாக எரித்து வைப்பார்கள். அந்தக் கரிந்த தட்டைகள் ஊசி மாதிரி பாதத்தைக் குத்தும்.

பபூன் குரங்குகளுக்குச் சீசனே கிடையாது. அண்டர்பெர்க்கில் ஒரு மாலை, பாறை மேலிருந்து ஒரு பெரிய ஆண் குரங்கு குரைத்தது. மணியின் முதுகு முடி சிலிர்த்து நின்றது. கயிறு என் கையில் இருந்ததால் தப்பித்தோம். அதன் கோரைப் பல் நாயின் பல்லைவிட நீளம், கூட்டமும் கூடவே இருக்கும். டர்பன் வீட்டு மாமரத்து வெர்வெட் குரங்கை விரட்டிப் பழகியவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் வேலிக்கு வெளியே எப்போதும் கயிற்றில்தான். வெயில் ஏறினால் பஃப் ஆடர் பாம்பும் பாதையிலேயே படுத்திருக்கும், காலடி கேட்டாலும் நகராது.

சந்தோஷமே இல்லையா என்று கேட்காதீர்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு முறை போனோம், புரட்டாசி மாதம். இங்குள்ள தமிழ் வீடுகளைப் போல நாங்களும் கறி தொடுவதில்லை. 24-ஆம் தேதி பாரம்பரிய தினம், பண்ணைக்காரர் பிரைக்கு, அதாவது தீயில் கறி சுடும் விருந்துக்கு, அழைத்தார். நாங்கள் மூவரும் சுட்ட சோளமும் உருளைக்கிழங்குமாக உட்கார்ந்திருந்தோம். மணிக்கு மட்டும் ஆட்டுத் துண்டு. அவன் பெயரை அவர் 'மனி' என்றே சொல்வார், பணம் என்ற அர்த்தத்தில். "மனி, மனி" என்று அவர் கத்தியதும் புல்வெளியின் அந்தக் கோடியிலிருந்து காதை மடக்கிக்கொண்டு அம்பு மாதிரி வந்தான் பாருங்கள், டர்பன் வீட்டுக் கொல்லையில் அந்த ஓட்டத்துக்கு இடமே இல்லை.

வரும் ஜூலைக்கு மறுபடி ஷாம்பெயின் பள்ளத்தாக்கில் நான்கு ராத்திரிக்கு இடம் பிடித்தாயிற்று. கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்னால் காலண்டரில் சிவப்பு வட்டம் விழுகிறது.